நடக்கக் கேட்ட அக்கா

இரவு பன்னிரண்டு கழிஞ்சிருக்கும்... இஞ்ச லண்டனில, வொன்ஸ்டெட் வெளிக்குக் குறுக்கால போற றோட்டு. தெரியும்தானே, ஃபாரஸ்ட் கேட் தாண்டினவுடன வாற அந்தப் பெரிய புல்வெளி? பகலில பிள்ளையள் பந்தடிக்கிற இடம். இரவில போய்ப் பாருங்கோ. வீடில்லை, கடையில்லை, ஒரு நாய் குலைக்கிற சத்தமும் இல்லை. இருட்டும் புல்லும்தான்.

பொறுங்கோ. நிரூபன், கதை கேக்கிற சாட்டில கையை நிப்பாட்டாத. அந்தப் பூசணிக்காயை வெட்டு. விடியத் தேர். மரக்கறி எல்லாம் அதுக்கு முன்னம் அடுப்பில ஏறோணும். என்ன, சிவரூபினி? கோயில் மடைப்பள்ளியில இருந்துகொண்டு பேய்க்கதையோ எண்டு கேக்கிறாய் போல. எடி பிள்ளை, கோயில் எண்டபடியாத்தான் சொல்லுறன். மேல முருகன் இருக்கிறார். வீட்டில எண்டால் இந்தக் கதைக்கு நான் வாயே திறவன்.

இது நடந்தது கணேசலிங்கம் எண்டவருக்கு. என்னோட வயசுபோனவையைப் பாக்கிற கெயார் வேலை செய்யிற சிவமலரின்ர அத்தான். அவளின்ர தமக்கை கீர்த்திகாவைக் கட்டினவர். ஜேர்மனியில கனகாலம் இருந்துபோட்டு இஞ்சால வந்து, வெளிக்கு அங்கால லேட்டன்ஸ்ரோன் பக்கம் கடை போட்டவர். வீடு ஃபாரஸ்ட் கேட். என்னைவிட நல்ல மூப்பு, நான் அண்ணை எண்டுதான் கூப்பிடுறனான். கடையைப் பூட்டிப்போட்டு ஒவ்வொரு இரவும் அந்த வெளியைக் கடந்துதான் வீட்டை போறவர்.

அது மாசி மாசம். பனிப்புகார்... கார் லைற் ரெண்டு முழத்துக்கு அங்கால போகேல்லயாம். பாடிக்கொண்டு வந்த றேடியோ திடீரெண்டு இரைஞ்சிது. கையை நீட்டி நிப்பாட்டினார். அப்பத்தான் கேட்டது.

டொக்.

பிறகு ஒரு கால் இழுபடுற சத்தம். ஸ்ர்ர்ர்...

டொக்.

கண்ணாடி எல்லாம் பூட்டி, ஹீற்றர் ஓடிக்கொண்டிருக்கு. அதுக்குள்ளயும் கேக்குது. காரை மெதுவாக்கினார். லைற் வெளிச்சம் புல்லில பட்டுது. றோட்டுக் கரையில... ஒரு வோக்கிங் பிறேம். பிடிச்சு நடக்க ஆஸ்பத்திரியில குடுக்கிறது, நாலு கால் வைச்ச சாம்பல் நிறப் பிறேம். பிடிச்சுக்கொண்டு ஆரும் நிக்கேல்ல. அது மட்டும் தனிய, முகத்தைக் காருக்குத் திருப்பின மாதிரி நிக்குது. ஒரு கைபிடியில ஒரு சீலைத் துண்டு சுத்திக்கிடக்கு. மண்ணிறத்தில சின்னக் கரை போட்ட நூல்சீலை.

அது கணேசலிங்கத்தாரின்ர சொந்தத் தமக்கையின்ர சீலை. கைபிடி குளிருது எண்டு அவவே கிழிச்சுச் சுத்தினது. தமக்கை செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது. பிறேம் கிடக்கிறது அவற்ற பின்வளவுச் செட்டுக்குள்ள, அந்தச் சாமான் கொட்டிலுக்குள்ள, பூட்டின பூட்டோட. அந்தப் பூட்டின்ர திறப்பு கார்த் திறப்போட சேந்து அவற்ற முழங்காலுக்கு மேல ஆடிக்கொண்டிருக்கு.

காருக்குள்ள மணம் வந்துதாம். முதல் நோவுக்குப் பூசுற சித்தாலேப. பேந்து நல்லெண்ணெய். அதுக்கும் அடியில... மூத்திர மணம்.

அவர் நிப்பாட்டேல்ல. நீங்கள் எண்டால் நிப்பாட்டுவியளோ? வீட்டை வந்து, சப்பாத்தும் கழட்டாமல் நேர செட்டுக்குப் போனார். பூட்டு பூட்டினபடி. திறந்து பாத்தால், பிறேம் வைச்ச இடத்தில சுவரோட சாய்ஞ்சு நிக்குது. ஒரு நிம்மதி. பிறகு கையை வைச்சுப் பாத்தார். சில்லெண்டு ஈரம். கால் நாலிலயும் இருக்கிற றப்பரில பச்சைப் புல்லு ஒட்டிக்கிடந்தது.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்லோணும். பேய் வாறதுக்கு ஒரு ஞாயம் இருக்கும். இதுக்கு இருந்தது.

நாகேஸ்வரி அவவின்ர பேர். தாயில்லாத வீட்டில தம்பியை இடுப்பில தூக்கித் திரிஞ்சு வளத்தவ. விரலைப் பிடிச்சு நடைபழக்கினதும் அவதான். கலியாணம் கட்டேல்ல. கடைசியில தம்பிதான் லண்டனுக்குக் கூப்பிட்டு வைச்சிருந்தவர். நல்லாத்தான் வைச்சிருந்தவர், பொய் சொல்லக்கூடாது. ஐப்பசியில ஒரு நாள், மழை வரப்போகுது எண்டு பின்வளவுக் கொடியில உடுப்பு எடுக்கப் போனவ, ஈர இலையில வழுக்கி விழுந்திட்டா. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு, இடுப்பு மூட்டுக்குச் சரி கீழ.

ஆஸ்பத்திரியில அடுத்த நாளே ஒப்பரேசன். எலும்புக்குள்ளால நீட்டுக்கு ஒரு ஆணி விட்டு, மேல மூட்டுக்குள்ள ஒரு ஸ்குறூவும் பூட்டிவிட்டவை. பெரிய டொக்டர் எக்ஸ்றேயைக் காட்டி வடிவா விளங்கப்படுத்தினவராம். ஆணி பாரத்தைத் தாங்கும், நாளைக்கே கால் ஊன்றலாம், எழும்பி நடந்தால்தான் தப்புவா எண்டு. படுத்துக்கிடந்தால் நெஞ்சில சளி கட்டும், காலில ரத்தம் உறையும், முதுகு புண்படும் எண்டும் சொன்னவர். ஒண்டும் ஒளிக்கேல்ல அந்த மனுசன்.

ஆனால் எங்கட சனத்துக்கு இது ஏறுமோ? எலும்பு முறிஞ்ச ஆளை மறுநாள் எழுப்புறதோ? பாக்க வந்ததுகள் எல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்க்கில ஆட்டெலும்பு சூப்போட வந்து நிண்டு, "அசையக்கூடாது, ஊன்றக்கூடாது, மூண்டு மாசம் கிடக்கோணும்" எண்டு வார்ட்டிலயே வைத்தியம் பாத்துதுகள். ஒருத்தரும் டொக்டருக்குப் படிச்சதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

நாகேஸ்வரி அக்காவுக்கு இங்கிலீஸ் "தாங்க்யூ"வுக்கு அங்கால தெரியாது. மொழிபெயர்க்க ஒரு ஆளை ஒழுங்குபடுத்தித் தாறம் எண்டு வார்ட்டில கேட்டவை. கணேசலிங்கத்தார் வேண்டாம் எண்டிட்டார். நான் தம்பி, நானே சொல்லுறன் எண்டவர்.

எனக்கு வயிறு எரியிறது இந்த இடத்திலதான்.

காலமை காலமை நடை பழக்கிற பிசியோப் பிள்ளை ஒருத்தி வருவாள். வெள்ளைக்காரி, மூக்கெல்லாம் புள்ளி புள்ளியா, நல்ல உயரம். பிறேமைக் கட்டிலுக்கு முன்னால வைச்சுப்போட்டு, அக்கா எழும்பப் பாக்கிறாவோ எண்டு கேப்பாள். அக்கா பல்லைக் கடிச்சுக்கொண்டு சொல்லுவாவாம், "நோகுதடா தம்பி. எண்டாலும் எழுப்பச் சொல்லு. நான் நடப்பன்."

இவர் அந்தப் பிள்ளையிட்டத் திரும்பி இங்கிலீசில சொல்லுவார்: அக்காவுக்குச் சரியான நோவாம், இண்டைக்கு ஏலாதாம், ஓய்வு வேணுமாம்.

அந்தப் பிள்ளை அக்காவின்ர முகத்தைப் பாக்கும், இவரைப் பாக்கும், போயிடும். வருத்தக்காரி மாட்டன் எண்டால் அதுகள் என்ன செய்யிறது? அவள் போன பிறகு இவர் அக்காவின்ர தலையைத் தடவிச் சொல்லுவார். "நாளைக்குப் பாப்பம், அக்கா."

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லேல்ல. அவரே பிறகு சிவமலரிட்டச் சொல்லி அழுதது.

ஏன் அப்பிடிச் செய்தவர்? அக்கா நோவில முகம் சுழிக்கிறதைப் பாக்க ஏலாமல் போச்சாம். பாசமாம். பாசத்தில செய்யிற கொலைக்குப் பொலிசும் வராது. ஆனால் அடியில இன்னொண்டும் இருந்தது. வீட்டில பகலில ஒருத்தரும் இல்லை. இவர் கடை, கீர்த்திகா வேலை. அக்கா நடக்கத் தொடங்கினால் திரும்ப விழுந்தால் ஆர் பாக்கிறது? படுத்துக்கிடந்தால் விழமாட்டாதானே. அவற்ற வாயால வந்த சொல்லுத்தான் இது.

வீட்டை கொண்டுவந்து முன் ஹோலில கட்டில் போட்டினம். ஆஸ்பத்திரி பிறேமும் குடுத்து விட்டது, புத்தம் புதுசு. ஒரு நாள் பின்னேரம் இவர் நேரத்தோட கடையால வந்து கதவைத் திறந்தால்... அக்கா நடைபாதையில நிக்கிறா. பிறேமைப் பிடிச்சுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. தனிய எழும்பி, குசினிக்குப் பக்கத்தில இருக்கிற கக்கூசுக்குப் போட்டுத் திரும்பி வாறா. முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியே தம்பி" எண்டாவாம்.

விழுந்திடுவா எண்டு இவர் பாய்ஞ்சு பிடிச்சார். பேசு பேசெண்டு பேசி, தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில வளத்திப்போட்டு, பிறேமைச் செட்டுக்குள்ள வைச்சுப் பூட்டினார்.

பிறகு குழந்தையளுக்குக் கட்டுற மாதிரி நப்பி கட்டினவை. யோசிச்சுப் பாருங்கோ. தன்ர உடுப்பைக்கூட ஆம்பிளையள் காணாத இடமாப் பாத்துக் காயப்போடுற மனுசி. காலமை கட்டினதோட பின்னேரம்மட்டும் கிடப்பா. நனையக்கூடாது எண்டு தண்ணி குடிக்கிறதை விட்டிட்டா. பிசியோ வீட்டுக்கும் வந்து கதவைத் தட்டினது. அக்கா நித்திரை எண்டு வாசலிலயே அனுப்பியாச்சு. அக்கா கேட்டது ஒண்டே ஒண்டுதான். "கக்கூசுக்கு மட்டும் என்னை நடந்து போக விடு தம்பி. வேற ஒண்டும் கேக்கேல்ல."

"நாளைக்குப் பாப்பம், அக்கா."

தை பிறக்க நெஞ்சு அடைச்சு, டொக்டர் சொன்ன மாதிரியே போய்ச் சேந்தா. இதில ஒண்டு கேளுங்கோ. அதுக்குக் கொஞ்சம் முன்னம் எடுத்த எக்ஸ்றேயில எலும்பு நல்ல வடிவாப் பொருந்தியிருந்ததாம். எரிச்ச பிறகு சுடலை ஒப்பீசில கூப்பிட்டு, ஆணியை என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கினம். வளையேல்ல, முறியேல்ல. அந்த ஆணி அக்காவை இன்னும் பத்து வருசம் தாங்கியிருக்கும். தாங்க மாட்டம் எண்டு நிண்டது நாங்கள்தான்.

சரி... புல்வெளியில பிறேமைக் கண்ட இரவுக்கு வருவம். அதுக்குப் பிறகு சத்தம் வீட்டை வரத் தொடங்கீட்டுது. முதல் செட்டடியில. டொக்... ஸ்ர்ர்ர்... பிறகு கொடிக் கம்பத்தடியில. பிறகு பின்கதவடியில. ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட. கீர்த்திகாவுக்கும் கேட்டது. ரெண்டு பேரும் மேல கட்டிலில கண்ணை முழிச்சுக்கொண்டு கிடப்பினம். ஒரு விடியக்காலமை கீர்த்திகா கீழ வந்தவள். கக்கூஸ் லைற் எரியுது. லைற் போட இழுக்கிற அந்தக் கயிறு இருக்கெல்லே... அது ஆடிக்கொண்டிருந்ததாம். இப்பத்தான் ஆரோ கையை விட்ட மாதிரி.

கீர்த்திகா அப்பவே சொன்னவள், "விடுங்கோ. அவ கேட்டது அதுதானே, போட்டு வரட்டும்" எண்டு. பொம்பிளைக்கு விளங்கின விசயம். ஆனால் இவர் அண்டைக்கே பிறேமைக் காரில ஏத்திக்கொண்டு போய்க் கவுன்சில் குப்பைக் கிடங்கில எறிஞ்சுபோட்டு வந்தார். செத்த பிறகும் அக்காவிட்ட இருந்து அதைப் பறிச்சார், விளங்குதோ?

அண்டு இரவு... டொக் சத்தம் இல்லை.

இழுபடுற சத்தம் மட்டும். ஸ்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்... நிலத்தோட நிலமா. பிறேம் இல்லாத ஆள் எப்பிடி வாறது? ஊர்ந்துதான் வரோணும்.

இவரால தாங்க ஏலாமல் போச்சு. "அக்கா, அக்கா" எண்டு குழறிக்கொண்டு படியால இறங்கிப் பின்கதவைத் திறந்து வெளியில பாய்ஞ்சார். நிலமெல்லாம் ஐஸ். அக்கா விழுந்த அதே இடம்... அதே பக்கம்... அதே எலும்பு. முறிஞ்ச சத்தம் மேல நிண்ட கீர்த்திகாவுக்குக் கேட்டுதாம்.

அதே ஆஸ்பத்திரி. அதே மாதிரி நீட்டுக்கு ஒரு ஆணி. மறுநாள் காலமை திரையை விலக்கிக்கொண்டு வந்தது ஆர் எண்டு நினைக்கிறியள்? மூக்கில புள்ளி உள்ள அந்தப் பிள்ளை. அடையாளம் கண்டிட்டாள். பிறேமைக் கொண்டுவந்து முன்னால வைச்சாள். இவர், எழுப்பு, இப்பவே எழுப்பு எண்டு இங்கிலீசில அழுதார். தானே கட்டில் விளிம்புக்கு நகந்து கால் ரெண்டையும் நிலத்தில வைச்சார். நோவு பெரிசா இல்லை. ஆனால் எழும்பப் போகேக்க தோளில ஆரோ கை வைச்சு மெதுவா இருத்தினமாதிரி... அப்பிடியே இருந்திட்டார். திரும்பவும் பாத்தார். திரும்பவும் அந்தக் கை. அந்தப் பிள்ளைக்கு ஒரு கையும் தெரியேல்ல.

அண்டிரவு வார்ட் எல்லாம் நித்திரை. பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுறான். சித்தாலேப மணம் வந்துது. திரைக்கு வெளியில... டொக். ஸ்ர்ர்ர். டொக். திரை விலகேல்ல. ஆனால் அக்கா கட்டில் தலைமாட்டில நிக்கிறா. சுடலைக்கு அனுப்பேக்க உடுத்தின சீலை. கோவம் ஒண்டும் இல்லையாம் முகத்தில. அதுதானாம் பயம். நல்ல பாசமாப் பாத்துக்கொண்டு நிண்டாவாம்.

"அக்கா, நான் பிழை செய்திட்டன். என்னை எழுப்பிவிடு அக்கா. நான் நடக்கோணும்."

அக்கா குனிஞ்சு அவற்ற தலையைத் தடவினா. கை ஈரம், சில்லெண்டு, புல்லு மணம். தடவித் தடவி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா.

"நாளைக்குப் பாப்பம், தம்பி."

கத்தியை வைச்சிட்டாய் நிரூபன். பரவாயில்லை, வை.

அது மாசி. இப்ப ஆடி. மனுசன் இன்னும் ஒரு அடி வைக்கேல்ல. எலும்பு வடிவாப் பொருந்தியிருக்கு எண்டு எக்ஸ்றே சொல்லுது. நரம்பு பாத்தினம், முதுகு பாத்தினம், தலையும் ஸ்கான் பண்ணிப் பாத்தினம். ஒரு குறையும் இல்லை, ஏன் எழும்புறார் இல்லை எண்டு விளங்கேல்ல எண்டு டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். முன் ஹோலில அதே இடத்தில கட்டில். பகலில கீர்த்திகா வேலைக்குப் போவாள், இவர் தனியக் கிடப்பார். அவருக்கும் நப்பிதான்.

நான் இதைச் சிவமலர் சொல்லக் கேட்டுத்தான் இருந்தனான். அரைவாசி நம்பேல்ல. போன கிழமை அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போகேக்க நான் நினைச்சுக்கொண்டுதான் போனன்: நாங்கள் ரெண்டு பேரும் கெயார் வேலை செய்யிற ஆக்கள், தினம் பத்துச் சனத்தைத் தூக்கி இருத்துறம், இந்த மனுசனை எழுப்பேலாதோ எண்டு.

பட்டப்பகல். வெய்யில் எறிச்சுக்கொண்டிருக்கு. அவர் வத்திப்போய், கன்னம் ரெண்டும் ஒட்டிக் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில ஆஸ்பத்திரி குடுத்த பிறேம். அவர் கையாலயும் தொடாத பிறேம். நான் சும்மா சரிச்சுப் பாத்தன். நாலு றப்பரும் தேஞ்சு போய், உள்ளுக்குள்ள இருந்த குழாய் வெளியில தெரியுது.

நான் ஒண்டும் காட்டிக்கொள்ளாமல் கட்டிலில இருந்தன். அவர் என்ர கையைப் பிடிச்சார். எலும்புக்கை. "தங்கச்சி, நீ எண்டாலும் என்னை ஒருக்கா எழுப்பிவிடு. கக்கூசுக்கு மட்டும். வேற ஒண்டும் கேக்கேல்ல" எண்டார்.

"வாங்கோ அண்ணை, எழும்புங்கோ" எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். இந்த முருகன் அறியச் சொல்லுறன், அதைத்தான் சொல்ல நினைச்சனான். பக்கத்தில நிண்ட சிவமலரைக் கேட்டுப் பாருங்கோ. என்ர கை தன்ரபாட்டில போய் அவற்ற தலையைத் தடவிச்சுது. என்ர வாயால வந்தது,

"நாளைக்குப் பாப்பம், தம்பி."

அவர் என்ர முகத்தை நிமிந்து பாத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"ஓம், அக்கா."